25 என்று அடித்துவிட்டால் ஆயிற்றா? (கங்காரு பராமரிப்பு)

கணக்குப்புலி:
குடும்ப வாட்ஸ்அப்பில் நேற்று வந்த பார்வர்டு: "எடை குறைந்த குழந்தையை அம்மா மார்பில் போட்டால் 100 குழந்தைக்கு 25 கூடுதலாகப் பிழைக்கும், மெஷின் எல்லாம் கொள்ளை." எரிச்சலாக வருகிறது. இந்த 25 கிளம்பியது உலக சுகாதார நிறுவனத்தின் கங்காரு பராமரிப்பு ஆய்விலிருந்து, 2021-ல் வெளியானது. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, நம் டெல்லி சப்தர்ஜங் என ஐந்து மருத்துவமனைகள், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். வழக்கமான பிரிவில், அதாவது உடல்நிலை சீரான பிறகே அணைத்த பிரிவில், 28 நாளுக்குள் இறந்தது 15.7 சதவீதம். பிறந்த உடனே மார்போடு அணைத்த பிரிவில் 12. கழித்தால் 3.7. இருபத்தைந்து எங்கிருந்து குதித்தது?

வார்டு_அக்கா:
தம்பி, வழக்கமான பிரிவில் 249 சாவு, உடனே அணைத்த பிரிவில் 191. சாவில் நாலில் ஒன்று குறைந்திருக்கிறது, அதுதான் 25. எஸ்.என்.சி.யு.வில் (நோயுற்ற பச்சிளம் குழந்தைகள் வார்டு) பத்து வருடமாக நைட் டூட்டி பார்க்கிறேன். வார்மரில் (சூடேற்றும் படுக்கை) கிடக்கும் 1.2 கிலோ குழந்தையின் பாதத்தைப் புறங்கையால் தொட்டால் ஜில்லென்று இருக்கும். அம்மா நெஞ்சில் வைத்துக் கட்டிவிட்டு அப்புறம் வந்து தொட்டுப் பாருங்கள். எக்செல்லில் அது தெரியாது.

கணக்குப்புலி:
பாதம் சூடு, சரி. நான் கேட்டது 3.7. அதாவது 27 குழந்தைகளை அணைத்தால் கூடுதலாக ஒன்று பிழைக்கும். பெரிய விஷயம்தான், ஆனால் 25 இல்லை. மெஷின் கொள்ளையாம்! மூச்சுக்கு உதவும் சிபாப் மெஷின் இரண்டு பிரிவிலும் இருந்தது அக்கா.

திண்டுக்கல்_அப்பா:
அதெல்லாம் இருக்கட்டும். என் மகன் பிறந்தபோது மூன்று நாள் கண்ணாடிக்கு வெளியே நின்றாள் என் மனைவி. வாட்ச்மேனுக்கு 50 ரூபாய் கொடுத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். இதையும் ஆராய்ச்சி செய்வார்களா?

சும்மா_வந்தவன்:
ஒரு சந்தேகம். உடனே அணைத்த பிரிவில் அம்மாவுக்கு ஐ.சி.யு.வுக்குள்ளேயே கட்டில். ஒரு நாளில் சுமார் 17 மணி நேரம் அணைப்பு, மற்ற பிரிவின் ஐ.சி.யு.வில் ஒன்றரை மணி. அப்படியானால் காப்பாற்றியது மார்பா, பக்கத்திலேயே இருந்து பால் கொடுத்ததா, மூச்சு நின்றதும் யாரோ பார்த்ததா? எதை மதிப்பிடுகிறோம் என்றே...

வார்டு_அக்கா:
கணக்குப்புலி சார், ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள், தெரியுமா? பலன் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது மற்ற குழந்தைகளுக்கு மறுப்பது நியாயமில்லை என்று. உங்கள் 3.7-க்காகவா நிறுத்தினார்கள்?

கணக்குப்புலி:
ஆமாம், 3.7-க்காகத்தான்! பாதியில் நிறுத்தும் ஆய்வில் பலன் கொஞ்சம் ஊதித் தெரியும் என்பது இன்னொரு கதை. போன மாதம் தடுப்பூசி விவாதத்திலும் இப்படித்தான், நான் எண்ணைக் கேட்டேன், நீங்கள் அனுபவத்தைச் சொன்னீர்கள், கடைசியில் நான் திமிர் பிடித்தவன் ஆனேன். இன்றும் கேட்கிறேன். 15.7-லிருந்து 12 போனால் எவ்வளவு? ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

வார்டு_அக்கா:
திமிர் என்று நான் சொல்லவில்லை, வேறு யாரோ சொன்னார்கள். தப்பாகவும் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்தவர் ஒரு நாள் எங்கள் வார்டுக்கு வாருங்கள், 12 வார்மர், இரவில் இரண்டு நர்ஸ். அம்மாக்களுக்குக் கட்டில் எங்கே போடுவது என்று கழித்துச் சொல்லுங்கள்.

திண்டுக்கல்_அப்பா:
அதனால்தான் வாட்ச்மேனை நிற்க வைக்கிறீர்களா?

வார்டு_அக்கா:
வாட்ச்மேனை நான் வைக்கவில்லை அண்ணா. டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

கணக்குப்புலி:
போங்கள், போங்கள். 3.7 இங்கேயேதான் இருக்கும்.