1967 அமைச்சர்கள் வரிசை: அரசிதழ் நகல் யாரிடமாவது இருக்கா?

வடசென்னைத் தொகுதிகளிலிருந்து அமைச்சரானவர்களைப் பட்டியலிடுகிறோம். 1967 மார்ச் 6-ல் அண்ணாவுடன் பதவியேற்றவர்களில் பெரம்பூர் சத்தியவாணி முத்துவும் ஒருவர். அமைச்சர்கள் வரிசையில் அவருடைய எண்ணை உறுதிசெய்ய வேண்டும். பத்திரிகைச் செய்தியை மட்டும் நம்ப முடியாது. நிருபர் துறை முக்கியத்துவம் பார்த்துப் பெயர்களை மாற்றிப் போட்டிருப்பார். அரசிதழ் சிறப்பு வெளியீடுதான் வேண்டும்.

எங்கள் பட்டியலில் ஆளுக்கு ஒரு வரி என்று போட்டால் அட்டவணை குழம்பிவிடும். பதவிப் பிரமாணத்துக்கு ஒரு வரி. வடசென்னைக்கு வெளியே இருந்து உதாரணம் சொன்னால், உதயநிதி பிரமாணம் எடுத்தது 14.12.2022, 28.9.2024-ல் துணை முதல்வரானபோது மறுபடி எடுக்கவில்லை. ஆகவே அதே வரிதான், பதவியும் வரிசையில் உள்ள இடமும் மட்டும் தேதியோடு மாறும். செந்தில் பாலாஜி 2024 பிப்ரவரியில் விலகி 29.9.2024-ல் திரும்பப் பதவியேற்றார், அவருக்குப் புது வரி. விலகுவதற்கு முன் அவர் இலாகா இல்லாமல் அமைச்சராக இருந்த மாதங்களைக் காலியாக விடாமல் 'இலாகா இல்லை' என்றே எழுத வேண்டும், இல்லையென்றால் விடுபட்டதாக நினைத்து யாராவது எதையாவது நிரப்பிவிடுவார்கள்.

கன்னிமாரா நூலகம் பக்கம் போகிறவர்கள் பார்த்துச் சொல்ல முடியுமா? படம் எடுத்தால் வெளியீட்டு எண்ணும் தேதியும் உள்ள மேல்பகுதி கட்டாயம் தெரியணும். வெட்டி எடுத்த துண்டு, பழையதானாலும், உதவாது.