நாட்டுச் சர்க்கரை சர்க்கரை இல்லையாமே!

அண்ணாநகர் அம்மா: நேற்று மாம்பலத்தான் எழுதியது: "கொலஸ்ட்ரால் எண்ணெயால் வருவது. வளரும் பெண்ணுக்கு இனிப்பால் ஒன்றும் ஆகாது." என் மகளுக்கு 15 வயது, ஒல்லி. வீட்டில் பொரித்த பண்டமே கிடையாது. ஆனால் ரோஸ் மில்க், பாட்டில் ஜூஸ், இரு வேளைப் பாலிலும் மும்மூன்று ஸ்பூன் சர்க்கரை. பரிசோதனையில் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 190, அதிகம்; நல்ல கொலஸ்ட்ரால் 36, குறைவு. எந்த எண்ணெய் ஐயா இது?

மாம்பலத்தான்: வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டிவிட்டு என்னைக் கேட்டால்? நான் சொன்னது நாட்டுச் சர்க்கரை. முப்பது வருடம் மளிகைக்கடை நடத்தியவன் நான்.

அண்ணாநகர் அம்மா: நேற்றைய பதிவில் 'நாட்டு' என்ற சொல்லே இல்லை.

மாம்பலத்தான்: புரிகிறவர்களுக்குப் புரியும்.

பெரம்பூர் வாசகன்: நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பங்கு வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். அதில் பாதி பிரக்டோஸ் என்ற பழச் சர்க்கரை. அளவு மிஞ்சினால் கல்லீரல் அதைக் கொழுப்பாக்கி ரத்தத்தில் விடும். பழுப்பா வெள்ளையா என்று பார்க்காது. 2014இல் அமெரிக்க இதய சங்க இதழில் ஓர் ஆய்வு வந்தது. வளரும் பெண்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். உணவில் தனியாகச் சேர்த்த சர்க்கரையை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் வைத்திருந்தவர்களுக்கு நல்ல கொலஸ்ட்ரால் உயர்ந்தது.

மாம்பலத்தான்: அந்த அமெரிக்கப் பெண்கள் நாட்டுச் சர்க்கரையா சாப்பிட்டார்கள்? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

உடன்குடிக்காரன்: நாட்டுச் சர்க்கரை எப்படியோ போகட்டும், கருப்பட்டியை இந்தச் சண்டையில் இழுக்காதீர்கள்.

பெரம்பூர் வாசகன்: யாருமே இழுக்கவில்லையே.

மாம்பலத்தான்: இவர் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சர்க்கரைப் பாகைக் காய்ச்சி விற்றவர்களை எனக்குத் தெரியும்.

உடன்குடிக்காரன்: தெரியும் என்றால், வாங்கி விற்றதே நீங்கள்தானோ?

மாம்பலத்தான்: நாக்கை அடக்கிப் பேசுங்கள். போன பொங்கலுக்கு நெய் விஷயத்தில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது மறந்துவிட்டதா?

உடன்குடிக்காரன்: வாங்கிக் கட்டியது யார் என்று ஊருக்கே தெரியும்.

அண்ணாநகர் அம்மா: 2 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூன் என்று அதே சங்கம் 2016இல் சொன்னது. என் மகளுக்குப் பாலிலேயே ஆறும் தீர்ந்துவிட்டது. ரோஸ் மில்க்கை எந்தக் கணக்கில் எழுதுவது?

மாம்பலத்தான்: பாலில் நாட்டுச் சர்க்கரை போடுங்கள். கணக்கே வேண்டாம்.

பெரம்பூர் வாசகன்: அதுவும் ஆறு ஸ்பூனுக்குள்தான் அடக்கம்!

மாம்பலத்தான்: என் பாட்டி 92 வயது வரை வெல்லம் கடித்தாள். எந்த ஆய்வில் அவள் இருக்கிறாள்?

அண்ணாநகர் அம்மா: உங்கள் பாட்டிக்கு யாராவது கொலஸ்ட்ரால் பார்த்தார்களா?

மாம்பலத்தான்: பார்க்கத் தேவைப்படவில்லை, அதுதான் விஷயம். இரண்டாம் முறை கேட்கிறேன்: அந்த அமெரிக்கப் பெண்கள் சாப்பிட்டது நாட்டுச் சர்க்கரையா, இல்லையா?

உடன்குடிக்காரன்: பாகு காய்ச்சியவர் பெயரை முதலில் சொல்லுங்கள்.