மடிப்புத் திரையா, மடக்குத்தட்டியா?

வணக்கம்.

மடக்கி ஓரமாகச் சாத்திவைக்கும் அறைத் தடுப்பைத் தமிழில் எப்படி அழைப்பது என்று இங்கே நடக்கும் பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: மடிப்புத் திரை, அறைப்பிரிப்பான், எழினி. நான் நாலாவதாக ஒன்றைச் சொல்கிறேன்: மடக்குத்தட்டி. காரணம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு ஹோலுக்கு இப்படி ஒன்றை நானே செய்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது. கட்டிலைக் கீழே கொண்டுவந்துவிட்டோம். வருகிறவர் போகிறவர் கண்ணில் படாமல் அவர் படுத்திருக்க ஒரு மறைப்பு வேண்டும், பகலில் அதை எடுத்துவிடவும் வேண்டும். மூன்று சட்டங்கள், ஒவ்வொன்றும் 66 அங்குல உயரம், 18 அங்குல அகலம். இரண்டு அங்குலத்துக்கு ஒரு அங்குலத் தேக்கு ரீப்பை (ஒடுக்கமான மரத்துண்டு), நடுவில் பன் புல்லில் இழைத்த பன்பாய். முதிரையும் பாலையும் எங்கள் பக்கத்து மரங்கள்தான், ஆனால் இரண்டும் நல்ல பாரம். தினமும் தூக்கி நகர்த்துகிற பொருளுக்கு ஒத்துவராது.

இனி சொற்களுக்கு வருகிறேன். திரை என்றால் நம் காதுக்குத் துணிதான் வருகிறது. ஜன்னல் திரை, மேடைத் திரை எல்லாம் மேலே தொங்குபவை. எழினி என்ற பழைய மேடைத் திரையும் அப்படியே. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வருகின்றன. ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது, இரு பக்கத்திலிருந்து வந்து சேர்வது, மேலே மறைந்திருந்து இறங்குவது என்று இயக்கத்தை வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு கூர்மையான பெயரிடல்! அந்த முறையை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும், சொல்லை அல்ல. நம் பொருள் தொங்குவதில்லை, தரையில் தன் காலில் நிற்கிறது.

அறைப்பிரிப்பானைப் பற்றி ஐயா ஒருவர் விரிவாக எழுதியிருந்தார். செய்யும் வேலையை வைத்துப் பெயரிடுவதில் தவறில்லை. யப்பானியர் இதைப் பியோபு என்கிறார்கள், காற்றைத் தடுப்பது என்று பொருள். பிரெஞ்சுக்காரர் சொல்லும் பாராவானுக்கும் அதே பொருள்தான். ஆனால் அறையைப் பிரிப்பது இது மட்டுமா? புத்தக அலுமாரியும் பிரிக்கும், பலகைச் சுவரும் பிரிக்கும். எல்லாவற்றுக்குமான பொதுப்பெயராக அதை வைத்துக்கொள்ளலாம், சரி. இந்த ஒரு பொருளுக்கு இன்னும் நெருக்கமான சொல் வேண்டும்.

அந்தச் சொல் தட்டி. எங்கள் கடற்கரை வாடிகளில் (மீனவர் குடில்களில்) வெயில் விழும் பக்கத்தில் கிடுகுத் தட்டியை, அதாவது பின்னிய தென்னோலைத் தட்டியைச் சாத்திவைப்பார்கள். விறைப்பானது, பாரமில்லாதது, மறைப்பது, எடுத்து மாற்றக்கூடியது. நமக்கு வேண்டிய குணம் நாலும் அதில் இருக்கிறது. செத்தை என்று சொல்லலாமே என்று யாராவது கேட்கக்கூடும். செத்தை ஓரிடத்தில் கட்டி நிற்கும் அடைப்பு, அது நகராது. தமிழ்நாட்டு அன்பர்களுக்கும் தட்டி புதிதல்ல. மூங்கில் தட்டி, விளம்பரத் தட்டி என்று அங்கேயும் புழங்குகிறது. இரண்டு கரைக்கும் பொதுவான சொல் கிடைக்கும்போது அதை விடக்கூடாது.

அடுத்தது மடிப்பா, மடக்கா. எனக்கு இதுதான் முக்கியம். பாயைச் சுருட்டுகிறோம். சேலையை மடிக்கிறோம், கடிதத்தை மடிக்கிறோம். விரலை மடக்குகிறோம், காலை மடக்குகிறோம், கத்தியை மடக்குகிறோம், குடையை மடக்குகிறோம். எங்கு வேண்டுமானாலும் வளைந்துகொடுக்கும் பொருளுக்கு மடி. விறைப்பான பாகங்கள் ஒரு மூட்டில் திரும்பினால் மடக்கு. யாரும் சொல்லித்தராமல் தமிழ் பேசும் பிள்ளை இந்த வேறுபாட்டோடுதான் வளர்கிறது. மடக்குக் கத்தி, மடக்குக் கட்டில் என்று ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது. நம் தட்டி அதில் போய்ச் சேரட்டும். மடக்கு என்பது அணியிலக்கணத்தில் வேறு பொருள் தரும் என்ற தடை எழலாம். அங்கே வந்த சொல்லே வேறு பொருளில் திரும்ப வருவது மடக்கு. பெயரின் முன்னால் நிற்கும்போது குழப்பம் வராது.

செய்து முடித்த அன்று அம்மா சொன்னது: "தம்பி, தட்டியை மடக்கிச் சுவரோட சாத்திவிடு." நான் அதுவரை எந்தப் பெயரையும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

பெயரோடு நின்றுவிடாமல் பாகங்களுக்கும் சொல் வேண்டும் என்று கேட்கிறேன். சொல் இல்லாததால் எனக்கு ஒரு முழு நாள் வீணாய்ப் போனது. இரண்டு மூட்டுகளிலும் பிணைச்சல்களை (கீல்களை) ஒரே முகத்தில் பூட்டிவிட்டேன். முதல் சட்டம் நடுச்சட்டத்தின் மேல் ஒழுங்காக மடங்கியது. மூன்றாவது சட்டம் அதற்கும் மேலே வந்து படிய வேண்டியிருந்தது. இடையில் இருந்த ஒரு அங்குலத் தடிப்புக்கு மூட்டில் இடமில்லை, மூடாமல் வாய்பிளந்து நின்றது. ஒரு மூட்டை முன்முகத்திலும் அடுத்ததைப் பின்முகத்திலும் பூட்டியிருக்க வேண்டும். குருத்துப் பனையோலையைப் பாருங்கள், ஒன்றுவிட்டு ஒன்று எதிர்ப்பக்கமாக மடங்கியிருக்கும். தட்டி விழாமல் நிற்பதும் அதனால்தான். நேர்கோட்டில் விரித்தால் சின்னக் காற்றுக்கே சாயும், கோணம் வைத்தால் அடி அகன்று நிற்கும். ஆகவே மாறி மாறி மடங்குவதை விசிறிமடக்கு என்றும், ஒரே பக்கமாக மடங்குவதைச் சுருள்மடக்கு என்றும் சொல்லலாம். "விசிறிமடக்காகப் பூட்டவும்" என்று ஒரு வரி எழுதினால் போதும், படிப்பவர் பிழைவிட மாட்டார்.

ஒவ்வொரு அலகையும் பலகை என்று எழுதுவது பொருந்தாது. உள்ளே பாயோ துணியோதானே இருக்கிறது. சட்டம் என்றே சொல்வோம். முச்சட்டத் தட்டி, நாற்சட்டத் தட்டி என்று எண்ணவும் வசதி.

பிணைச்சலா, கீலா என்று சண்டை வேண்டாம். இலங்கையில் பௌதிகமும் தமிழ்நாட்டில் இயற்பியலும் போல இரண்டும் அருகருகே இருக்கட்டும். எது என்றாலும் பித்தளையில் வாங்குங்கள். கடலோர வீட்டில் இரும்புக்குச் சீக்கிரம் கறள் (துரு) பிடித்துவிடும். பித்தளைத் திருகாணி மென்மையானது, முறுக்கும்போது தலை முறிந்துபோகும். முதலில் துளையிட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை ஒருமுறை முறுக்கிக் கழற்றிவிட்டுப் பிறகு பித்தளையைப் போடுங்கள். கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் சுருங்கும் மரம் மாரியில் ஊதும், அதனால் சட்டத்துக்குச் சட்டம் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டிலொரு பங்கு) இடைவெளி விட்டேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. இருபக்கமும் திரும்பும் பிணைச்சல் ஒன்று இருக்கிறது. அதைப் பூட்டினால் முன்முகம், பின்முகம் என்ற கேள்வியே எழாது. பியோபுவில் காகிதத்தையே பிணைச்சலாக ஒட்டி இதைச் சாதித்திருக்கிறார்கள். இருபுறப் பிணைச்சல் என்று இப்போதைக்கு எழுதுகிறேன், ஆனால் மனம் நிறையவில்லை. உங்கள் ஊர்த் தச்சர்கள் இதற்கு ஏதாவது சொல் வைத்திருந்தால் அப்படியே எழுதி அனுப்புங்கள்.

உப்புவெளி, திருகோணமலை