மறு: டெம்ப்ளேட் வேரியபிள் – ‘வார்ப்புரு மாறி’ சரிப்படுமா?

வணக்கம். டெம்ப்ளேட் வேரியபிளுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் நீங்கள் எழுதியது:

> டெம்ப்ளேட்டுக்கு வார்ப்புரு, வேரியபிளுக்கு மாறி. இரண்டும் புழக்கத்தில் இருப்பவைதானே, சேர்த்துவிட்டால் போச்சு.

நிரலாக்கப் பாடத்துக்கு அது போதும் ஐயா. ப்ரொமிதியஸ் (அளவுகளைக் கண்காணித்து எச்சரிக்கை எழுப்பும் மென்பொருள்) அலர்ட் விதிக்கு ஒத்துவராது என்று நினைக்கிறேன். கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பால் சங்கங்களின் குளிரூட்டும் தொட்டிகளுக்குச் சென்சார் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை எங்களுடையது. குழுவில் பாதிப்பேர் மலையாளிகள். அலர்ட்டோடு ஒட்டிவரும் லேபிளில் போடும் வேரியபிளை ‘லேபிள் மாறி’ என்றால், மலையாளத்தில் அது ஒரு முழு வாக்கியம்: லேபிள் மாறிவிட்டது! சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும், இந்த இடத்தில் நடக்கிற தப்பும் அதேதான்.

தொட்டியின் வெப்பம் 4 டிகிரியைத் தாண்டி 10 நிமிடம் நீடித்தால் அலர்ட் போகவேண்டும் என்று விதி. யாரோ ஆர்வக்கோளாறில் டாலர் குறி போட்ட வேல்யூவை ($value, அந்நேரத்து அளவு) லேபிளில் செருகிவிடுகிறார் என்று வையுங்கள். இந்த நிமிடம் 5.1, அடுத்த நிமிடம் 5.3. ஓர் அலர்ட்டை இன்னதென்று ப்ரொமிதியஸ் அறிவது அதன் லேபிள்களை வைத்துத்தான். எண் மாறினால் அது வேறு அலர்ட். பழையது போய்ப் புதியது வரும், 10 நிமிடக் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். வெப்பம் ஏறிக்கொண்டே போகும், போன் மட்டும் அடிக்காது. பால் போனதுதான். அதே வேல்யூவை அனொடேஷனில் போட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. அது படிக்கிறவருக்கான செய்தி, அவ்வளவே.

ஆகவே லேபிளுக்கு ‘அடையாளம்’, அனொடேஷனுக்கு ‘குறிப்பு’ என்று வைக்கலாம். லேபிளுக்கு ‘முகச்சீட்டு’ என்பதும் கேட்க அழகுதான், ஆனால் ஒட்டிவிட்டுக் கிழித்துவிடலாம் என்று எண்ண வைக்கும். டெம்ப்ளேட் வேரியபிளுக்கு ‘நிரப்பி’. படிவம் நிரப்பாதவர் யார்? அடைப்புக்குறிக்குள் விட்ட இடத்தை, விதி ஓடும்போது நிரப்புவது என்று சட்டெனப் பிடிபடும். பல்லடைக்கும் பொருளுக்கும் அந்தப் பெயர் உண்டே என்றால், மருத்துவர்கள் இந்த விதிகளை எழுதப்போவதில்லை.

கையேட்டில் இப்படி வரும்: “தொட்டி எண், சங்கத்தின் பெயர் போன்ற நிலையான நிரப்பிகள் அடையாளத்தில் வரலாம். அளவுக்கு அளவு மாறும் நிரப்பி குறிப்பில் மட்டுமே.”

பொதுவான நிரலாக்கத்தில் ‘மாறி’ அப்படியே இருக்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. ஹ்யூமனைஸ் (எண்ணைப் படிக்க எளிதாக மாற்றித் தருவது) முதலான ஃபங்ஷன்களின் பெயர்களைத் தனி இழையில் பேசுவோம், இல்லாவிட்டால் இது முடியாது.

உங்கள் கையேட்டு வரைவில் இந்தச் சொற்கள் வரும் ஒரு பத்தியை மட்டும் மாற்றி அனுப்புங்கள் ஐயா. இங்கே புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் படிக்கக் கொடுத்து, எங்கே தடுக்கிறது என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து