ஏரிக்கரையில் உட்கார்ந்து பறவைச் சத்தம் கேட்பது: எங்கே, எப்படி?

ஆலமரத்தடி:
வணக்கம். தர்மபுரி டவுன்ல இருக்கேன். மூச்சைக் கவனிக்கிற தியானம் எனக்கு ஒத்துவரலை, ரெண்டு நிமிஷத்துல மனசு வேலைக்குப் போயிடுது. பறவை, தண்ணி, காத்து சத்தத்தைக் கவனிச்சு உட்கார்ந்தா மனசு அடங்கும்ங்கிறாங்க. இதுக்கு ஒகேனக்கல் போகணுமா, பக்கத்து ஏரி போதுமா? எவ்வளவு நேரம்? விடியக்காலையில லாரி சத்தம்தான் பெருசா கேட்குது, அதுக்கு என்ன வழி?

கரட்டுமேடு:
ஏரியே போதுங்க. ஒகேனக்கல் பார்க்க அருமையான இடம், ஆனா இந்தப் பழக்கத்தை ஆரம்பிக்கத் தோதான இடமில்லை. அருவி இரைச்சல் ஒரே சீராக மற்ற எல்லாத்தையும் மூடிடும். காது தேடிப் பிடிக்க ஒண்ணும் மிஞ்சாது, கொஞ்ச நேரத்துல யோசனை மறுபடி ஓட ஆரம்பிச்சிடும். விட்டுவிட்டு வர்ற சத்தம்தான் கவனத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டிட்டு வரும்.

லாரி சத்தம் விடியலில் கூடுதலாகக் கேட்க ஒரு காரணம் இருக்கு. ராத்திரி தரை குளிர்ந்து, தரையை ஒட்டின காத்தும் குளிர்ந்திருக்கும், அதுக்கு மேல இருக்கிற காத்து கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கும். அதனால மேலே போக வேண்டிய சத்தம் வளைஞ்சு கீழே இறங்கி ரொம்ப தூரம் வருது. 44-ஆம் எண் நெடுஞ்சாலை பக்கம் இருக்கிறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். ரோட்டுக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு கரடு, அதாவது சின்னக் குன்று, இருக்கிற மாதிரி இடம் பாருங்க. அது கிடைக்கலைன்னா, ஏரிக்கரை மேல உட்காராம தண்ணிப் பக்கச் சரிவில் நாலைந்து அடி இறங்கி உட்காருங்க. ரோடு கரைக்கு அந்தப் பக்கம் இருந்தா, கரையே சுவர் மாதிரி மறைக்கும். உட்காரும் முன்னாடி கல்லிடுக்கை டார்ச் அடிச்சுப் பார்த்துக்கணும், பாம்பு இருக்கலாம்.

நேரம்: சூரிய உதயத்துக்குக் கால் மணி முன்னாடி. நம்ம பக்கம் ஜூன்ல 6 மணிக்கு முன்னாடியே விடியும், ஜனவரியில் 6.40 ஆகிடும். மொத்தம் 20 நிமிஷம் போதும். முதல் 5 நிமிஷம் ஒண்ணும் எதிர்பார்க்காதீங்க. நீங்க வந்து உட்கார்ந்ததுல பக்கத்துப் பறவைகள் அடங்கியிருக்கும், அசையாம இருந்தா தானா திரும்பும். அப்புறம் ரொம்பத் தூரத்துச் சத்தம் எதுன்னு தேடுங்க, அடுத்து ரொம்பக் கிட்டத்துச் சத்தம். ரெண்டு உள்ளங்கையையும் குவிச்சு காதுக்குப் பின்னால வெச்சா முன்பக்கத்துச் சத்தம் பளிச்சுனு கேட்கும். கடைசி 10 நிமிஷம் ஒரே ஒரு சத்தத்தோட இருங்க. லாரி வந்தா விரட்ட வேண்டாம், அது தேய்ஞ்சு மறையற வரைக்கும் கேட்டுட்டுத் திரும்புங்க.

குக்குறுவான்:
அந்த "ஒரே சத்தம்" எதுன்னு கேட்டா, என் ஓட்டு செம்மார்புக் குக்குறுவான்ங்கிற பறவைக்கு. ஆல், அரச மரம் பழுத்திருந்தா தேடிப் போங்க. டுக்... டுக்... டுக்னு செம்பு தட்டற மாதிரி, நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல, விடாம கூப்பிடும். கூப்பிடறப்போ தலையை இப்படி அப்படித் திருப்பும், அதனால ஒரே கிளையில் இருந்தாலும் சத்தம் இடம் மாறி மாறி வர்ற மாதிரி இருக்கும். தேடாதீங்க, எண்ணுங்க: 8 டுக் வரைக்கும் மூச்சை உள்ளே, 12 டுக் வரைக்கும் வெளியே. கிட்டத்தட்ட 10 விநாடிக்கு ஒரு மூச்சு ஆகிடும், வெளிமூச்சு நீளம். மூச்சைத் தனியா கவனிக்க முடியாதவங்களுக்கு இது கைகொடுக்கும். திணறினா 6-க்கு 8 போதும்.

மார்ச்சுலேர்ந்து குயிலும் சேர்ந்துக்கும். ஆண்தான் "குக்கூ"னு ஏத்தி ஏத்திக் கூவும், பெண் "கிக்-கிக்-கிக்"னு படபடக்கும்.

மெலகிரி வாசி:
ரெண்டு தவறு அடிக்கடி நடக்குது. ஒண்ணு, பறவையோட பேரைக் கண்டுபிடிக்க மெர்லின் ஆப்பைத் திறக்கிறது. நல்ல ஆப், சந்தேகமில்லை, ஆனா கண் திரைக்குப் போனதும் காது மூடிக்கும். போனை ஏரோப்ளேன் மோடுல போட்டு ரெக்கார்டிங் மட்டும் ஓடவிடுங்க, மைக்கைக் காத்து வர்ற பக்கம் பார்க்காம மறுபக்கமாத் திருப்பி வையுங்க, இல்லைன்னா புஸ்ஸுனு இரைச்சல்தான் பதியும். பேர் எல்லாம் வீட்டுல வந்து பார்த்துக்கலாம்.

ரெண்டாவது, ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்தினாலும் எழுந்திருக்காம இருக்கிறது. அது வெறுந்தரையில் முட்டை வைக்கிற பறவை. கோடையில் அப்படிக் கத்தினா கூடு பக்கத்துல இருக்குன்னு அர்த்தம். வந்த வழியே மெதுவா ஐம்பது அடி தள்ளிப் போயிடுங்க.

இதைப் படிக்கிற தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி பக்கத்து ஆளுங்க காட்டோர ஏரிக்கு விடியலிலோ அந்தியிலோ தனியாப் போகாதீங்க. ராகி அறுவடைச் சமயத்துல யானை இறங்கும். கிளை முறியற சத்தம் கேட்டா பயிற்சியை அத்தோட விட்டுட்டுக் கிளம்பிடணும்.

ஆலமரத்தடி:
ரொம்ப நன்றிங்க. தினமும் ஏரிக்குப் போக முடியாத நாள்ல மொட்டை மாடி சரிவருமா?

கரட்டுமேடு:
தாராளமா. ராத்திரி 8 மணிக்கு மேல, மோட்டாரும் டிவியும் அடங்கினதும் உட்காருங்க. சில்வண்டுச் சத்தம் கேட்கும், மழை பெஞ்ச ராத்திரின்னா தவளை. ஒரே தவளையைப் பிடிச்சுக்கிட்டு அது நிறுத்தறதையும் திரும்ப ஆரம்பிக்கிறதையும் கவனிங்க. காதுக்குள்ளேயே "ஙொய்"னு இரைச்சல் இருக்கிறவங்க ரொம்ப அமைதியான மாடியில் உட்கார்ந்தா அதுதான் பெருசா கேட்கும், அவங்க தென்னை ஓலை சலசலக்கிற பக்கமா உட்காரட்டும்.