தர்க்கம் கணிதமா, தத்துவமா?

எண்மாலை:
தர்க்கத்தைத் தத்துவத்தின் ஒரு கிளை என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பது சரியில்லை. அரிஸ்டாட்டில் தொடங்கிவைத்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "குதிரைகள் எல்லாம் விலங்குகள், ஆகவே குதிரையின் தலை எதுவானாலும் அது ஒரு விலங்கின் தலை" என்ற சாதாரண முடிவைக்கூட அவருடைய முறையால் எடுக்க முடியாது, ஏனென்றால் 'இன்னதன் தலை' என்கிற உறவுக்கு அதில் இடமே இல்லை. 1847இல் ஆங்கிலக் கணிதவியலர் பூல் தர்க்கத்தை இயற்கணிதமாக்கினார். 1879இல் ஜெர்மன் கணிதவியலர் ஃப்ரேகே 'எல்லாம்', 'ஏதோ ஒன்று' என்பவற்றுக்கும் உறவுகளுக்கும் குறியீடு கொடுத்தார். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கணித வேலைதான்.

ஏன்எதற்கு:
ஃப்ரேகே எதற்காக அதில் இறங்கினார் என்பதை விட்டுவிட்டீர்களே. எண் என்றால் என்ன, எண்கணிதம் ஏன் உண்மையாக இருக்கிறது என்ற கேள்விதான் அவரைப் பிடித்து ஆட்டியது. அது தத்துவக் கேள்வி. 1902இல் ஆங்கிலத் தத்துவவாதி ரஸ்ஸல் அவருக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணம் என்றால் பொருள்களின் தொகுப்பு. தன்னையே உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் எல்லாம் சேர்ந்த கணம், தனக்குத் தானே உறுப்பா? ஆம் என்றாலும் முரண், இல்லை என்றாலும் முரண். எந்தப் பண்பைச் சொன்னாலும் அதற்கு ஒரு கணம் உண்டு என்ற, பலரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய விதி அங்கே உடைந்தது.

எண்மாலை:
ரஸ்ஸல் அங்கே வந்து சேர்ந்ததே கேண்டரின் ஒரு நிரூபணத்தைத் துருவியதால்தான். கேண்டர் கணிதவியலர். எண்கணிதம் அடங்கிய, முரணில்லாத எந்த விதித்தொகுப்பிலும் நிரூபிக்கவும் மறுக்கவும் முடியாத கூற்று இருக்கும் என்று 1931இல் தர்க்கவியலர் கோடல் காட்டியதும் கணித நிரூபணம்தான். அந்த விதிகளை ஓர் இயந்திரமே சரிபார்க்க முடிய வேண்டும், நிபந்தனை அவ்வளவுதான்.

மூன்றாம்கோடு:
ஒரு கணக்கு வைத்தே பேசலாம். முழு எண்களின் பின்னமாக எழுத முடிந்தது விகிதமுறு எண், √2 போல முடியாதது விகிதமுறா எண். இரண்டு விகிதமுறா எண்களில் ஒன்றை மற்றொன்றுக்கு அடுக்காக வைத்து விகிதமுறு எண் வரவழைக்க முடியுமா? √2க்கு √2ஐ அடுக்காக வையுங்கள். வந்தது விகிதமுறு எண் என்றால் வேலை முடிந்தது. இல்லையென்றால் வந்த எண்ணுக்கே மறுபடி √2ஐ அடுக்காக வையுங்கள், 2 கிடைக்கும். ஆக, முடியும். ஆனால் இரண்டில் எது நடக்கிறது என்று இந்த நிரூபணம் சொல்லவே இல்லை! பிரௌவர் இதை ஏற்கமாட்டார். ஒன்று இது, இல்லையென்றால் அதன் மறுப்பு என்று எடுத்த எடுப்பில் பிரிக்கும் விதியையே அவர் பொதுவிதியாக ஒப்புக்கொள்ளவில்லை. பிரௌவரும் கணிதவியலர்தான், ஆனால் இந்தச் சண்டையைக் கணக்குப் போட்டுத் தீர்க்க முடியுமா?

எண்மாலை:
தீர்க்கலாமே. √2க்கு, 2ஐ அடிமானமாகக் கொண்ட 9இன் மடக்கையை, அதாவது 2க்கு எதை அடுக்காக வைத்தால் 9 வருமோ அந்த எண்ணை, அடுக்காக வையுங்கள். விடை 3. அந்த மடக்கை விகிதமுறு எண்ணாக இருந்தால் 2இன் ஏதோ ஓர் அடுக்கு 9இன் ஓர் அடுக்குக்குச் சமமாக வேண்டும். ஒன்று இரட்டை, மற்றது ஒற்றை, நடக்காது. பிரௌவருக்கும் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஏன்எதற்கு:
அருமையான உதாரணம், ஆனால் அது வேறு நிரூபணம். கேள்வி முதலாவதைப் பற்றியது. அதை மட்டும் படித்த ஒருவருக்கு, அப்படிப்பட்ட எண்கள் உண்டு என்பது தெரிந்துவிட்டதா இல்லையா?

எண்மாலை:
தெரிந்துவிட்டது. இல்லை என்று வைத்துக்கொண்டால் முரண் வருகிறது, எனக்கு அது போதும்.

ஏன்எதற்கு:
அது ஏன் போதும் என்பதை எந்தத் தேற்றத்தை வைத்து நிரூபிப்பீர்கள்?