அயர்லாந்து மேற்குக் கரை: முன்னோர் ஊர் தேடித் தனியாகக் காரில் போகிறவர்களுக்கு

முதல் வேலை டவுன்லேண்டைக் கண்டுபிடிப்பது. மெட்ராஸ் படைக்கு வந்த ஐரிஷ் சிப்பாய்களின் வழிவந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் ‘கெர்ரி’, ‘மேயோ’ என்று கவுண்டிப் (மாவட்டம் போன்ற பிரிவு) பெயர் மட்டும்தான் தங்கியிருக்கிறது. அதை மட்டும் நம்பி வண்டி எடுக்காதீர்கள். டவுன்லேண்ட் என்பது அங்கே நிலத்தின் மிகச் சிறிய பிரிவு. தீவு முழுக்க அறுபதாயிரத்துக்கும் மேல் உண்டு, பலவற்றுக்குப் பெயர்ப்பலகையே கிடையாது.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் ஆவணங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆள் சேர்த்த பதிவில் பிறந்த பாரிஷ் (தேவாலயப் பங்கு) இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பாரிஷின் கத்தோலிக்கப் பதிவேடுகளை ஐரிஷ் தேசிய நூலகம் 2015 முதல் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அடுத்து கிரிஃபித் மதிப்பீடு (1847–1864). யார் எந்த நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்தார் என்று வரைபட எண்ணோடு சொல்லும் என்பதால், கார் ஓட்டிப் போகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள ஆவணம் இல்லை. சிப்பாய் 1830களிலேயே கிளம்பியிருந்தால் அவர் பெயர் இதில் வராது. தகப்பனார், தம்பி பெயர்களைத் தேடுங்கள். 19ஆம் நூற்றாண்டுக் கணக்கெடுப்புத் தாள்களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு பகுதியை அரசே அழித்தது, மிச்சத்தில் பெரும்பகுதி 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத் தீயில் போனது. 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுசாக உண்டு.

* * *

அடுத்து சாலை. இடது பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம், சிக்கல் அகலத்தில்தான். வேலிப் புதர் பச்சையாக, மெத்தென்று தெரியும். உள்ளே கல் சுவர் இருக்கும். எதிரே டிராக்டர் வரும்போது பதறி ஒதுங்கினால் டயரின் பக்கவாட்டு கிழியும். டயரும் கண்ணாடியும் சாதாரண வாடகைக் காப்பீட்டில் பெரும்பாலும் சேராது, கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே சொல்லுங்கள். உள்ளூர்ச் சாலைகளில் 2025 பிப்ரவரி முதல் வேக வரம்பு 60 கி.மீ.; பல இடங்களில் 40 தாண்டுவதே ஆபத்து. ஒரு நாளைக்கு 150 கி.மீ.க்கு மேல் திட்டம் போடாதீர்கள், வரைபடம் பார்த்துச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. பெட்ரோல் பம்பில் பச்சைப் பிடி பெட்ரோல், கறுப்பு டீசல்.

கெர்ரியில் டிங்கிள் தீபகற்பத்தின் ஸ்லே ஹெட் சுற்றுச் சாலையை வலஞ்சுழியாகப் போங்கள், பேருந்துகளும் அப்படித்தான் போகும். கிளேரிலிருந்து கெர்ரிக்கு கில்லிமர்–டார்பர்ட் படகு: காரோடு 20 நிமிடம், லிமெரிக் சுற்று மிச்சம். டப்ளினிலிருந்து டொனகலுக்கு வழிகாட்டிச் செயலி வட அயர்லாந்து வழியே இழுத்துக்கொண்டு போகும். எல்லையில் சாவடி எதுவும் இருக்காது, ஆனாலும் அது ஐக்கிய இராச்சியத்தின் (UK) பகுதி. இந்திய பாஸ்போர்ட்டோடு, BIVS (இரு நாட்டுக்கும் செல்லும்) குறிப்பு இல்லாத ஐரிஷ் விசா மட்டும் கையில் உள்ளவர்கள் ஸ்லைகோ வழியாகப் போவதே சரி. கெய்ல்டாக்ட் (ஐரிஷ் மொழி பேசும்) பகுதிகளில் பலகை ஐரிஷில் மட்டும் இருக்கும்; போகும் ஊர்களின் ஐரிஷ் பெயரை முன்பே எழுதி டாஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

* * *

ஊர் வந்த பிறகு: இப்போதைய தேவாலயத்தில் பழைய கல்லறை இருக்கும் என்று எண்ண வேண்டாம். அது பெரும்பாலும் இடிந்த பழைய கோயிலைச் சுற்றி, வயல் நடுவே கிடக்கும். ஏழைக் குத்தகைக்காரர் கல்லறைகளில் பெயரே இல்லாத வெறும் கல்தான். எழுத்துள்ள கல்லை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் படியுங்கள். கம்பி பிரஷ், சாக்பீஸ், ஷேவிங் நுரை எதையும் தொடவிடாதீர்கள், கல் அரித்துப்போகும்.

அடுத்தவர் நிலத்தில் நடக்கப் பொது உரிமை அங்கே இல்லை. வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள், கிரிஃபித் வரைபடத்தைத் தாளில் எடுத்துப்போங்கள். அந்த எண்ணைக் காட்டினால் எந்த வேலிக்குள் என்று சொல்லிவிடும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வயல் கேட்டை எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள், அதன் முன் வண்டி நிறுத்தாதீர்கள். நடுவில் புல் முளைத்த பாதை வந்தால் முன்பே நிறுத்தி நடந்து போங்கள். முனையில் வண்டி திருப்ப இடம் இருக்காது, முழுத் தூரமும் ரிவர்ஸில்தான் வர வேண்டும்.